வெள்ளிக்கிழமை சாகாத கோழிகள்

வெயில் அடிக்குதுன்னுதானே இடம் மாறி உட்காரச் சொல்றீங்க? பரவாயில்லைங்க, எனக்கு வெயில் பழக்கம்தான். என்னங்க? உங்க பை மேலயா? அடடா. பஸ் ஸ்டாண்டிலிருந்து அது மேலேயேவா உட்கார்ந்து வந்தேன்? முதலிலேயே சொல்லியிருக்கலாமே. உள்ளே என்ன, தக்காளியா? இந்தாங்க, பிடிங்க. கொஞ்சம் ஈரமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆமாங்க, பொங்கியண்ணனேதான். எப்படித் தெரியும்? அட, ஓலைக்காட்டுப்புதூரா நீங்க? என் மாமனார் ஊருங்க அது. அப்படியென்றால் கல்யாணத்தில் பந்தியில் பார்த்திருப்பீங்க. எனக்கு மாமா முறை ஆகுது. மாமான்னே கூப்பிடறேன்.

'காலையில நம்ம கோகிலா'ன்னு என்னவோ ஆரம்பிச்சீங்க. தெரியுதுங்க மாமா. காலையில் அவளை ஊரில் பார்த்திருப்பீங்க. முகம் வாடியிருந்திருக்கும். என்னடா இது, இந்தப் பிள்ளை புருசன் வீட்டை விட்டுவிட்டு அம்மா வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று உங்களுக்கு மனசு கேட்டிருக்காது. அவளைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். வெளியில் சொல்லாதீங்க, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: அவள் இல்லாத வீட்டில் இனி ஒரு ராத்திரி என்னால் இருக்க முடியாது. சுவரைப் பார்த்துப் பேசுகிறேன். சுவர் எதிர்த்து ஒன்றும் சொல்லாதது முதல் நாள் சுகமாக இருந்தது. அப்புறம் பயமாகிவிட்டது.

வரமாட்டேன்னு சொல்லிவிட்டால்? சொல்லமாட்டாள். அவள் என்ன சொல்வாள், அதற்கு நான் என்ன சொல்லணும், எல்லாவற்றையும் நேற்றே மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. அவள் பேச வேண்டிய அவசியமே இருக்காது.

இருங்க, கண்டக்டர் வர்றார். ஓலைக்காட்டுப்புதூர் ரெண்டு குடுங்க. மாமா, கையை எடுங்க, என் மாமனுக்கு நான் டிக்கெட் எடுக்கக் கூடாதா? என்னங்க? நீங்க ஏறும்போதே எடுத்தாச்சா? பாருங்க, இப்போது ரெண்டு பேருக்கு மூன்று டிக்கெட். சொல்லியிருக்கலாமே.

எங்களுக்குள் சண்டை என்று மட்டும் நினைக்காதீங்க. கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு பொல்லாத வார்த்தை கிடையாது. நான் பேசுவேன், அவள் கேட்டுக்கொள்வாள். எல்லாம் ஒரு மென்பொருளால் வந்த வினைங்க மாமா. சொன்னால் நம்பமாட்டீங்க.

நாமக்கல்லில் ஒரு முட்டைக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஷெட்டு ஷெட்டாகக் கோழி. ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு மேஸ்திரி. அவர் தினமும் சாயங்காலம் கைப்பேசியில் பதிவு போடுவார். எத்தனை முட்டை, முட்டை என்ன எடை, தீவனம் எவ்வளவு தின்றது, வெயில் எவ்வளவு, எத்தனை கோழி செத்தது. எல்லாம் என் கம்ப்யூட்டருக்கு வந்து விழும். அதை ஆராய்ந்து முதலாளிக்கு அறிக்கை கொடுப்பதுதான் என் உத்தியோகம். அதற்கு ஒரு மென்பொருள். நாம் கட்டளை எழுதினால் அது கணக்கைப் பிரித்து மேய்ந்து படம் போட்டுக் கொடுக்கும்.

இதற்கு முன்னால் நியூசிலாந்தில் ஒரு பால் கம்பெனியில் இதே வேலை. அங்கே மாடு, இங்கே கோழி. அங்கே எனக்கு நல்ல பேருங்க. வெள்ளைக்காரன் பேச்சு இருக்கிறதே, ஆற அமர ஆரம்பிப்பான். அவன் பாதிக்கு வருவதற்குள் மீதியை நான் சொல்லி முடித்துவிடுவேன். மீட்டிங்கே பாதி நேரத்தில் முடிந்துவிடும். கிளம்பும்போது எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தார்கள். 'அன்புள்ள பொங்கி, நாங்கள் எல்லோரும்' என்று ஒருத்தன் எழுதி அப்படியே விட்டிருக்கிறான். 'உங்களோடு வேலை செய்தது மிகவும்' என்று இன்னொருத்தி, அதோடு சரி. அட்டை முழுக்க அப்படித்தான், ஒரு வாக்கியமும் முடியவில்லை. மிச்சத்தை நானே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அது ஒரு மரியாதைதானே.

ஏன் திரும்பி வந்தேன் என்று கேட்க வர்றீங்க. இல்லையா? பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். கோகிலாவுக்காகத்தான். ஒருநாள், 'எனக்கு இந்த ஊர்ல ஒரு' என்று ஆரம்பித்தாள். 'ஒரு நாளும் குளிர் தாங்கலை, அவ்வளவுதானே? கிளம்பு' என்று அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன். எத்தனை புருசன் அப்படிச் செய்வான்? விமானத்தில் வரும்போதுதான் சொல்கிறாள், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்ததாம். என் வாயில் அவர்கள் கொடுத்த பன் இருந்தது, என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. முழுசாகச் சொன்னாள். விழுங்கிவிட்டுச் சொன்னேன், 'அடடா, முதல்லயே சொல்லியிருக்கலாமே' என்று. அப்புறம் நாமக்கல் வருகிறவரைக்கும் அவளுக்குத் தூக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன தை மாதம் அந்த மென்பொருள்காரன் புதுப் பதிப்பு ஒன்றை இறக்கினான். அதில் என்ன புதுசு என்றால், நாம் எழுத ஆரம்பித்தால் அதுவே மிச்சத்தை எழுதிவிடும். நான் ரெண்டு எழுத்துத் தட்டுவேன். அது எனக்கு முன்னால் ஓடிப்போய்ச் சாம்பல் நிறத்தில் முழு வரியையும் எழுதிக் காட்டும். டேப் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை ஒரு தட்டுத் தட்டினால் சாம்பல் கறுப்பாகிவிடும். அவ்வளவுதான், நான் எழுதினதாக ஆகிவிடும்.

உங்களுக்கு இது வசதியாகத் தெரியலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்ததுங்க. நான் என்ன நினைக்கிறேன் என்று உனக்கு எப்படித் தெரியும்? நான் முடிக்கிறவரைக்கும் பொறுக்க முடியாதா உனக்கு? ஒரு மனுசன் வாயைத் திறக்கும்போதே அவன் இதைத்தான் சொல்வான் என்று முடிவு கட்டுகிறதே, அது என்ன புத்தி? அதுவும் தப்பாக முடிவு கட்டுகிறது, அதையும் தைரியமாகச் செய்கிறது. தயங்கித் தயங்கித் தப்புச் செய்தால்கூட மன்னிக்கலாம். வீட்டுக்கு வந்து கோகிலாவிடம் புலம்புவேன். 'கோகிலா, நம்ம வாயில இருக்கற வார்த்தைய இன்னொருத்தன் பிடுங்கிப் பேசினா எப்படி இருக்கும் தெரியுமா?' அவள் மாவு கரைத்துக்கொண்டே, 'தெரியுமுங்க' என்பாள். 'உனக்கு எப்படித் தெரியும், நீ கம்ப்யூட்டர் பக்கமே வரதில்லையே' என்பேன்.

இந்தாங்க மாமா, அல்வா. எடுங்க, கோகிலாவுக்கு வாங்கினதுதான், ரெண்டு பொட்டலம் இருக்கிறது. பெண் பார்க்கப் போன அன்றைக்கு உங்க ஊரில் இதைத்தான் வைத்தார்கள். 'எனக்கு அல்வான்னா' என்று அவள் சொன்னாள், 'உயிர்' என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றையிலிருந்து அவளுக்குக் கோபம் வந்தால் அல்வாதான். வாங்கிக்கொண்டு போய் வைப்பேன். ஒன்றும் பேசாமல் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுவாள். தனக்கு உயிரானதை ஊருக்குக் கொடுக்கிற மனசு பாருங்க.

என்னங்க, 'பஸ்ஸுல கோகிலா'வா? ஆமாங்க, அவளுக்குப் பஸ்ஸென்றால் ஆகாது, குமட்டும். திரும்பி வரும்போது சன்னல் பக்கம் உட்கார வைத்துவிடுவேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். முட்டை என்று தொடங்குகிற கட்டம் ரெண்டு இருக்கிறது. ஒன்று முட்டை எடை, கிராம் கணக்கில். ஒன்று முட்டை எண்ணிக்கை. எனக்கு வேண்டியது எண்ணிக்கை. 'முட்டை' என்று அடித்து முடிப்பதற்குள் அது எடையை நீட்டிவிட்டது. என் விரலுக்கு டேப் தட்டிப் பழகிவிட்டது, தட்டிவிட்டது. ஒரு கோழி ஒரு நாளைக்குச் சராசரியாக ஐம்பத்து நான்கு முட்டை இடுகிறது என்று முதலாளிக்கு அறிக்கை போய்விட்டது. எங்கள் முதலாளி சென்னியப்பன், சாமி பக்தி உள்ளவர். என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, 'பொங்கி, எந்த ஷெட்டு அது? அந்தக் கோழிய நான் நேர்ல போய்ப் பாக்கணும்' என்றார். கையில் கற்பூரம் வைத்திருந்தாரோ என்னவோ.

இன்னொரு நாள் பெரிய கட்டளை ஒன்றை அதுவே எழுதிக் கொடுத்தது. ஆகா, இப்படி ஒரு வசதி இருக்கிறதா என்று ஓட்டினேன். 'அப்படி ஒரு கட்டளையே கிடையாது' என்று சிவப்பில் வந்தது. அடேய், எழுதிக் கொடுத்ததே நீதானே? சிவப்பாகச் சொல்கிறவனும் நீதானே? பக்கத்து மேசையில் கணக்குப் பார்க்கிற யசோதாம்மா எட்டிப் பார்த்து, 'சார், அதுல செட்டிங்ஸ்ல போயி' என்றார். 'பாத்துட்டேம்மா, நிறுத்த வழி கிடையாது' என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். நிறுத்தவே முடியாத மாதிரி செய்திருக்கிறான் மாமா, என்ன அக்கிரமம்.

சும்மா விடவில்லை. கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். என்னைப் பேசவிடாமல் செய்கிறது உங்கள் மென்பொருள், நான் நினைக்காததை எல்லாம் நான் சொன்னதாக ஆக்குகிறது என்று. கடைசி வரிக்கு வந்தேன். மின்னஞ்சலுக்கும் இந்த வியாதி வந்துவிட்டது போலிருக்கிறது, 'உங்கள்' என்று அடித்ததும் 'சேவைக்கு மனமார்ந்த நன்றி, தொடர்ந்து சிறக்க வாழ்த்துகள்' என்று நீட்டியது. விரல் தட்டிவிட்டது. மறுநாள் பதில் வந்தது, உங்களைப் போன்றவர்களின் பாராட்டுத்தான் எங்களுக்கு ஊக்கம் என்று.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் வெள்ளிக்கிழமை.

ஷெட்டுப் பதிவுகளில் அங்கங்கே கட்டம் காலியாக இருக்கும். மேஸ்திரி எதையாவது போடாமல் விட்டிருப்பார். காலிக் கட்டத்தை என்ன செய்வது என்று கட்டளை எழுத வேண்டும். நான் 'காலியாக இருந்தால்' என்கிற அளவுக்குத்தான் எழுதினேன். அது சாம்பலில், 'பூஜ்யம் என்று நிரப்பு' என்று போட்டது. நியாயமாகத்தான் பட்டது. டேப். அப்புறம் கிழமை வாரியாகப் படம் போட்டுப் பார்க்கிறேன். ஞாயிறு முதல் வியாழன் வரைக்கும் கோழி ஒரே சீராகச் சாகிறது. வெள்ளிக்கிழமை ஒன்றுகூடச் சாகவில்லை. எந்த ஷெட்டிலும். வருஷம் முழுக்க. சனிக்கிழமை பார்த்தால் ரெண்டு மடங்கு.

மயிர்க்கூச்செறிந்ததுங்க. இத்தனை வருஷ அனுபவத்தில் இவ்வளவு சுத்தமான படத்தை நான் பார்த்ததில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது கோகிலாவிடம் சொன்னேன். உங்களுக்குத்தான் தெரியுமே, அவள் கோழிப்பண்ணையில் பிறந்து வளர்ந்தவள். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, 'வெள்ளிக்கெழமைல செத்த கோழிய' என்று ஆரம்பித்தாள். 'விக்கறதில்லை, குழியில போட்டுருவாங்க, எனக்குத் தெரியும். இது அது இல்லை கோகிலா, இது புள்ளிவிவரம்' என்றேன். ரசம் ஊற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து, 'அந்தக் கட்டம் ஏன் காலியா இருக்குதுன்னா' என்றாள். 'அதுக்குப் பூஜ்யம் போட்டாச்சு' என்றேன். மோர் ஊற்றினாள்.

முதலாளிக்குப் படத்தைக் காட்டினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். விஷயம் என்னவென்றால், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எல்லா ஷெட்டிலும் பக்திப் பாட்டுப் போட்டு, சாம்பிராணி காட்டுவது அவர் வழக்கம். 'பொங்கி, நான் சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க. கோழி டாக்டரே சிரிச்சான். இப்பக் கம்ப்யூட்டரே சொல்லுதில்ல?' என்றார். அவர் கண்ணில் தண்ணீர். மறுநாளிலிருந்து தினமும் பாட்டு, தினமும் சாம்பிராணி.

கோழிக்குப் பக்தி இருக்கிறதா தெரியாது, பயம் இருக்கிறது. விடியற்காலையில் ஒலிபெருக்கி முழங்கினதும் கூண்டுக்குள்ளேயே எகிறியது. புகையில் தும்மியது. முட்டை குறைந்தது. ஆனால் என் படம் மாறவில்லை பாருங்க. வெள்ளிக்கிழமை சாவு கிடையாது, சனிக்கிழமை ரெண்டு மடங்கு. முதலாளி யோசித்தார். 'வெள்ளியில ஒண்ணுமில்லை பொங்கி. சிக்கல் சனியிலதான்' என்றார். ஜோசியரைக் கூப்பிட்டார். சனிக்கிழமைதோறும் ஷெட்டு வாசலில் இலை போட்டு, எள்ளுச்சோறு வைத்துக் காக்காயைக் கூப்பிட வேண்டும் என்று முடிவானது.

சிரிக்காதீங்க மாமா. கோழி டாக்டர் அந்த வழியாக வந்தவர் வண்டியை விட்டு இறங்கவேயில்லை, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். 'ஏனுங்க, காக்கா வந்தா சீக்கு வருதுன்னு லட்சக்கணக்குல செலவு பண்ணி வலை கட்டிருக்கறோம். நீங்க வலைக்கு வெளிய நின்னுக்கிட்டு விருந்துக்குக் கூப்பிடறீங்களா?' என்றார். முதலாளி என் படத்தைக் காட்டினார். டாக்டர் படத்தைப் பார்த்தார், காக்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'நான் படிச்ச காலேஜ்ல இதெல்லாம் சொல்லிக் குடுக்கலைங்க' என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கும் வீட்டில் கோகிலா, 'ஏனுங்க, ஒரு நிமிசம் நான் சொல்றத' என்றாள். 'கேட்டுக்கிட்டேதானே இருக்கேன், நீதான் சொல்லவே மாட்டேங்கற' என்றேன். நிஜமாகவே அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லைங்க.

என்னங்க, நாமக்கல்லில் இறங்கி? நானா? இல்லைங்க, நான் நாமக்கல்லில்தான் ஏறினேன். நீங்களும் அங்கேதான் ஏறினீங்க. சந்தைக்குப் போயிருப்பீங்க, அதான் தக்காளி. கேளுங்க, முக்கியமான இடம் இது.

இந்த மாசம் ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தேன். முதலாளி போன் செய்திருக்கிறார். கோகிலா எடுத்திருக்கிறாள். அவர் பெருமையாக, 'உங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்சதுதாம்மா, வெள்ளிக்கெழமைல கோழியே சாகறதில்லை' என்றிருக்கிறார். கோகிலா சொல்லியிருக்கிறாள்: 'சாகாம இல்லைங்க, எழுதறதில்லை. கோழி லச்சுமி மாதிரி. வெள்ளிக்கெழமைல லச்சுமி செத்துப்போச்சுன்னு எந்தப் பண்ணையிலயாச்சும் எழுதுவாங்களா? கட்டத்த வெறுமனே விட்டுருவாங்க. சனிக்கெழமை சேத்துப் போட்டுக்குவாங்க. எங்கப்பா பண்ணையிலயும் அப்படித்தானுங்க.'

அவ்வளவுதான் மாமா. ரெண்டு மூச்சில் சொல்லக்கூடிய விஷயம். நான் துண்டோடு வெளியே வருகிறேன், போனை நீட்டுகிறாள். மறுமுனையில் முதலாளி. 'பொங்கி, உங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாமப் போயிருச்சேப்பா. காக்காய்க்கு இப்ப நான் என்ன பதில் சொல்றது?' என்றார். காக்காய்கள் அதற்குள் நேரம் தவறாமல் வர ஆரம்பித்திருந்தன.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் கத்தவில்லைங்க. நிதானமாகத்தான் கேட்டேன். 'ஏன் கோகிலா, இது உனக்குத் தெரிஞ்சிருக்குதே. எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே?'

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று யோசித்தேன், பிடிபடவில்லை. அவள் உள்ளே போய்ப் பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதனால்தான் சொல்கிறேன், எல்லாம் அந்த மென்பொருளால் வந்தது. ராவும் பகலும் அதோடு மல்லுக்கட்டியதில் வீட்டில் அவளோடு உட்கார்ந்து பேச எனக்கு நேரமில்லாமல் போய்விட்டது. அந்த ஏக்கம் அவளுக்கு. போய்ச் சொல்லப்போகிறேன், 'கோகிலா, அந்த மென்பொருளைத் தலைமுழுகிவிட்டேன்' என்று. அவள் அழுவாள். நான் அல்வாவை எடுத்துக் கொடுப்பேன்.

நேற்று அவளே போன் செய்தாளுங்க. அது நல்ல அறிகுறிதானே. 'நாளைக்குக் காலைல நான்' என்று தொடங்கினாள், குரல் கம்மியிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. 'தெரியும் கோகிலா, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், நானே வந்து கூட்டிக்கறேன்' என்று வைத்துவிட்டேன். அதற்கு மேல் பேசினால் நானும் அழுதுவிடுவேன். இன்று காலையிலும் ரெண்டு தடவை கூப்பிட்டாள். கிளம்பிட்டீங்களா என்று கேட்கத்தான் இருக்கும். கிளம்பிக்கொண்டுதானே இருக்கிறேன், எதற்கு எடுக்கணும்? நேரில் போய் நின்றால் ஆயிற்று.

அல்வா நன்றாக இருக்கிறதா? பல்லில் ஒட்டும், மெதுவாக. நானும் ஒரு துண்டு போட்டுக்கொள்கிறேன், பேசிப் பேசி வாய் காய்ந்துவிட்டது. பெரிய துண்டாக வந்துவிட்டது, பரவாயி

ம்.

ம்ம். ம்.

ம்.

ம்ம்ம்.

ம்.

ஒரு நிமிசம் மாமா. விழுங்கிவிடுகிறேன்.

கோகிலாங்க. போன் எடுத்துவிட்டேன், வாயைத் திறக்க முடியவில்லை. மேலண்ணத்தில் போய் அப்பிக்கொண்டது. அவள் பேசினாள். முழுசாகப் பேசினாள். நடுவில் ரெண்டு தடவை நிறுத்தி, 'இருக்கீங்களா?' என்று கேட்டாள். ம் என்றேன். 'உடம்பு சரியில்லையா?' என்று கேட்டாள். ம் என்றேன். அப்புறம் பேசிக்கொண்டே போனாள்.

நாமக்கல்லில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறாள் மாமா. கதவு பூட்டியிருக்கிறதாம். சாவி இதோ, என் சட்டைப்பையில். காலையில் முதல் பஸ்ஸுக்கே ஏறி வந்துவிட்டாள். நான் உங்க ஊருக்கு வந்து அவங்கம்மா முன்னால் பேசினால் அம்மாவையும் பேசவிடமாட்டேன், அதற்கு முன்னால் தானே வந்துவிடலாம் என்றுதான் நேற்று, 'நாளைக்குக் காலைல நான் வர்றேன்' என்று சொல்லக் கூப்பிட்டாளாம். நாமக்கல்லில் இறங்கி, வீட்டில் ஒன்றும் இருக்காது என்று சந்தையில் காய் வாங்கிக்கொண்டு வந்தாளாம்.

நீங்களும் அவளும் காலையில் ஒரே பஸ்ஸில்தான் வந்தீங்களாமே மாமா. 'அவர் எப்படியும் கெளம்பிருவாரு. திரும்பற பஸ்ஸுல பாத்தீங்கன்னா, நான் வீட்டுக்குப் போயிட்டேன்னு சொல்லி எறக்கி உட்ருங்க' என்று உங்களிடம் சொல்லி அனுப்பினாளாம். 'அவரு உங்ககிட்டச் சொல்லலையா?' என்று கேட்டாள். நான் ம் என்றேன்.

நீங்க முதலிலேயே... இல்லை. ஒன்றுமில்லை.

இந்தப் புத்தி எனக்கு அந்த மென்பொருளிடமிருந்து ஒட்டிக்கொண்டது மாமா. தை மாசத்துக்கு முன்னால் நான் இப்படியில்லை. அவளிடம் கேட்டால் பெண் பார்க்க வந்த அன்றையிலிருந்தே என்பாள். அல்வா அவளுக்குப் பிடிக்காதாம். 'எனக்கு அல்வான்னா ஆகாது'ன்னுதான் அன்றைக்குச் சொல்ல வந்தாளாம். இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குச் சொல்கிறாள்.

கடைசியில் ஒன்று சொன்னாள். 'சாவிய எடுத்துக்கிட்டு வாங்க. வந்தவொடனே கதவத் தொறக்காதீங்க. படியில உக்காருங்க. எனக்கு உங்ககிட்டச் சொல்றதுக்கு நெறைய இருக்குது. நான் சொல்லி முடிச்சப்புறம் தொறந்தாப் போதும். முடிக்கறதுக்குள்ள நீங்க பேசினீங்கன்னா, அடுத்த பஸ்ஸுக்கு நான் திரும்பிப் போயிருவேன்.'

என்ன சொல்லப் போகிறாள்? அந்தப் பள்ளிக்கூட வேலையைப் பற்றி இருக்கும். இல்லை, அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்பாள். இல்லை, அவளே பண்ணை வைக்கப் போகிறாளோ? இல்லை.

தெரியவில்லைங்க மாமா. எனக்குத் தெரியவில்லை.

கண்டக்டர், விசில் ஊதுங்க, நான் இறங்கணும். ஓலைக்காட்டுப்புதூர் இன்னும் வரலைன்னு தெரியும். மாமா, இங்கே இறங்கினால் நாமக்கல்லுக்குத் திரும்பற பஸ் எந்தப் பக்கம் நிற்கும்? எதிரே அந்தப் புளியமரத்துக்கு... இருங்க. நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்.

ஒரு நொடி பொறுங்க. அந்தப் பொட்டலத்தை இப்படித் தள்ளுங்க. இன்னொரு துண்டு வாயில் போட்டுக்கொள்கிறேன். வீட்டுப் படிக்கும் வேண்டியிருக்கும், மிச்சத்தை வைத்துக்கொள்கிறேன்.

ம்.